நான் இறுக்கிய அரைச் சுற்று

தம்பி,

நேற்று நீ அனுப்பிய கல்யாண நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பாத பூசை என்று போட்டு, அதற்கு நேராக என் பெயரையும் அப்பாவின் படம் என்றும் எழுதியிருக்கிறாய். ஒரு நாற்காலியில் நான், பக்கத்து நாற்காலியில் அப்பாவின் படம், நீ வந்து என் காலைக் கழுவிப் பூப்போட்டு விழுந்து கும்பிடுவாய். கணவர் இல்லாதவள் மேடையேறி அதை வாங்கிக்கொள்வது வழக்கமில்லை என்று சிம்பாங் ரெங்கத்திலிருந்து உன் பெரியம்மா கூப்பிட்டுச் சொன்னதும், "எனக்கு இருக்கிறது அம்மா ஒருத்தங்கதான் பெரியம்மா, அவங்க காலைத்தான் கழுவுவேன்" என்று நீ சொன்னதும் நீ கட்டிக்கொள்ளப் போகிற யாமினி வழியாக எனக்கு வந்தது. வழக்கத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் நீ தண்ணீர்ச் செம்பை எடுப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு அந்த நாற்காலியில் என்னை உட்கார வைக்க உனக்கு மனம் வராமல் போகலாம். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. நிரலை மாற்றுவதற்கு அவ்வளவு நாள் போதும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

இதை யாமினியும் படிக்க வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். சென்ற வாரம் அவள் மேடைப் பூ அலங்கார வாடகை பற்றிப் பேச வீட்டுக்கு வந்தாள். பேசி முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஆண்ட்டி, அங்கிளைப் பத்திப் பேச்செடுத்தாலே அவரு அப்படியே அமைதியாயிடுறாரு. ஒரு தடவதான் வாயைத் திறந்தாரு. அப்பா என்னைக் கேட்டாரு, நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்னு சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. அப்படின்னா என்ன ஆண்ட்டி?" எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிவிட்டேன். அவள் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் குடித்த கோப்பையைக் கழுவி வைத்தேன். உனக்கு அந்த வாக்கியத்தைக் கொடுத்தது நான். மூன்று வருடமாக நீ அதைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறாய். நான் உனக்குச் சமைத்துப் போடுகிறேன். நீ நம் சலவைக் கடைக்குப் போய் டிரையர்களைத் துடைத்துவிட்டுத் திரும்புகிறாய்.

தம்போயில், வருகிறவர்களே துணி துவைத்துக் காயவைத்துக்கொள்கிற நம் டோபிக் கடையை அப்பாவும் நானும் எடுத்தபோது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். பாசிர் கூடாங்கில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டபோது கிடைத்த பணத்தில் எடுத்தது. அங்கே நான் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். அப்பா இயந்திரம் பழுதுபார்க்கிறவர். நான் பட்டம் வாங்கியவள், அவர் பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். இதை நாங்கள் வீட்டில் ஒருபோதும் பேசியதில்லை. ஆனால் நான் மறந்ததும் இல்லை. ஆறு துவைக்கும் இயந்திரங்களும் துணி காயவைக்கும் நான்கு டிரையர்களும் பழையவையாக வந்தன. டிரையர்கள் மட்டும் ஐம்பது சென் காசு போட்டால் ஓடும் பழைய மாதிரி. காசை வாங்கிச் சரிபார்க்கிற அந்தச் சின்னக் கருவிக்கு அப்பா வைத்த பெயர் வாய். "மூணாம் நம்பர் வாய் அடைச்சிக்கிச்சு" என்று போனை வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

யாமினிக்காக அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே விழுகிற காசு முதலில் ஒரு சிறு தொட்டிலில் உட்காரும். போதிய எடை இருந்தால்தான் தொட்டில் சாய்ந்து காசை விடும். பிறகு ஒரு சரிவில் உருளும்போது பக்கத்தில் காந்தம் ஒன்று இருக்கும். இரும்பாக இருந்தால் காந்தம் பிடித்து நிறுத்திவிடும். வேறு உலோகமாக இருந்தால் அதன் தன்மைக்கு ஏற்றபடி வேகத்தைக் குறைக்கும். சரியான வேகத்தில் வருகிற காசு ஒரு தகட்டில் மோதி, நடுவில் நிற்கிற தடுப்பைத் தாண்டி உட்பக்கம் விழும். வேகம் கூடினாலும் குறைந்தாலும் தாண்டாமல் இந்தப் பக்கம் விழுந்து வெளியே வந்துவிடும். அந்தத் தடுப்பை நகர்த்த ஒரு திருகு இருக்கிறது. இவ்வளவுதான். இதில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. சிங்கப்பூர்க் காசைத் தவறிப்போய்ப் போடுகிறவர்கள் இங்கே தினமும் உண்டு. அது காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்திலுள்ள கைப்பிடியை அழுத்தினால் கீழே விழும். அப்பா அந்தக் காசுகளைத் தனியே எடுத்து வைத்து, கேட்டு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார்.

காசு திரும்பி வருகிறது என்று யாராவது சொன்னால் அவர் முதலில் திருகைத் தொட மாட்டார். டிரையரின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பார். ஓடி ஓடி ஆடுகிற இயந்திரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலே நல்ல காசும் தடம் மாறும். அடுத்து, வாயைத் திறந்து காய்ந்த பிரஷால் பஞ்சுத் தூசியைத் தட்டுவார். எண்ணெய் விடவே மாட்டார். எண்ணெய் விட்டால் ஒரு வாரத்தில் தூசி சேர்ந்து களியாகிவிடும். இவ்வளவும் செய்து சரியாகாவிட்டால்தான் திருகு, அதுவும் கால் சுற்றுக்குள். திருப்பிய ஒவ்வொரு முறையும் பத்துக் காசு போட்டுப் பார்ப்பார். சரியான இடம் கிடைத்ததும் திருகின் தலையையும் பக்கத்துத் தகட்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போடுவார். அது என்னுடைய நகச்சாயம். யாரோ கல்யாணத்துக்காக வாங்கி ஒரே ஒரு தடவை பூசிவிட்டு வைத்திருந்தேன். கோடு நேராக இருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் அப்பாவும் சண்டை போட்டது பொய்க் காசைப் பற்றி. பித்தளையில் வெட்டிய வட்டத் தகடுகள், ஓரம் கூடச் சரியாகத் தேய்க்காமல், அந்த வருடம் டிரையர் பெட்டிகளில் விழ ஆரம்பித்தன. சுற்றிலும் பட்டறைகள் இருக்கிற இடம், எவனோ வெட்டியிருப்பான். பித்தளை என்பதால் காந்தமும் பிடிக்கவில்லை. நான் ஒவ்வொன்றையும் உறையில் போட்டு, எந்த இயந்திரம், என்ன கிழமை என்று எழுதி வைத்தேன். "கள்ளக் காசுக்கு ஃபைல் போடுற ஒரே ஆளு நீதான்" என்று அப்பா சிரித்தார். திருகை இறுக்குங்கள் என்று நான் சொன்னேன். இறுக்கினால் தேய்ந்த நல்ல காசும் வெளியே வரும், இரண்டு தகடு விழுந்தால் விழட்டும் என்றார். நீங்கள் சரிபார்க்கிற முறையே தப்பு, சட்டைப் பையில் கிடக்கிற அழுக்குக் காசைப் போட்டு யாராவது அளவு வைப்பார்களா, பேங்கிலிருந்து புதுக் காசு கொண்டு வந்து அதற்குத்தான் வைக்க வேண்டும் என்றேன். தொழிற்சாலையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்றும் சொன்னேன். நாங்கள் என்று நான் சொன்னதில் அவர் இல்லை. அது அவருக்குப் புரிந்திருக்கும். "பேங்க் காசுக்கு அளவு வச்சா பேங்க் மேனேஜர் மட்டும்தான் துணி காயப் போட முடியும்லா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒரு வாரம் இந்தப் பேச்சு போனது.

நான் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை. அதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். நீ மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது பள்ளி பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டேன் என்று முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றாய். யாரோடாவது சண்டை போட்டிருப்பாய் என்று நினைத்து நான் முதலில் பஸ் டிரைவருக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் காயத்தைக் கழுவினேன். நீ அழாமல் வாசலிலேயே நின்றிருந்தாய். அப்பா அதை வருகிறவர்களிடமெல்லாம் வேடிக்கையாகச் சொல்வார்: "எங்க வீட்டுல ரத்தத்துக்கும் ரெண்டாவது சாட்சி வேணும்." எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். நீ சிரித்தாயா என்று நான் கவனித்ததில்லை. உனக்குப் புத்திமதி என்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்வேன். யாமினி தலை வலிக்கிறது என்று சொன்னால் தலை வலிக்கிறது என்றே எடுத்துக்கொள். அவள் சொல்வது ஒரு நாள் பொய்யாக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை. இதை நான் தாமதமாகத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட பிறகும் என் சுபாவம் பெரிதாக மாறிவிடவில்லை.

அந்தச் சண்டை நடந்த வாரத்துச் சனிக்கிழமை அப்பா பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு சிம்பாங் ரெங்கம் போயிருந்தார். நான் கடைக்குப் போனேன். கையில் பேங்கிலிருந்து வாங்கிய புதுக் காசுச் சுருள். நான்கு டிரையர்களின் வாயையும் திறந்தேன். புதுக் காசு உள்ளே விழ வேண்டும், பித்தளைத் தகடு வெளியே வர வேண்டும். அது வரைக்கும் திருகை இறுக்கிக்கொண்டே போனேன். நான்கிலும் ஏறக்குறைய அரைச் சுற்று ஆனது. சிவப்புக் கோடுகள் உடைந்து நின்றன. மறுபடி போட்டு மறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, திங்கட்கிழமை அவரிடம் உறையைக் காட்டி, பாருங்கள், இந்த இரண்டு நாளில் ஒன்றுகூட விழவில்லை என்று சொல்லத்தான் இருந்தேன். வேலை சுத்தமாக இருந்தது. புதுக் காசில் பத்துக்குப் பத்து. தேய்ந்த காசு ஒன்றைக்கூட நான் போட்டுப் பார்க்கவில்லை. அது மறதி இல்லை. அதில் அளவு பிசகும், அதனால் அது சோதனைக்கு ஆகாது என்று நினைத்தேன்.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது தோள்பட்டை இறுக்கமாக இருக்கிறது என்றார். அண்ணன் வீட்டில் நாற்காலி தூக்கியது என்று அவரே காரணமும் சொன்னார். தைலம் தடவிக்கொண்டு படுத்தார். நீ இரவு வேலை முடிந்து ஞாயிறு காலையில்தான் சிங்கப்பூரிலிருந்து வந்து படுத்தாய். காலையிலிருந்து மழை. மழை நாளில் டிரையருக்குத்தான் கூட்டம். பத்து மணிவாக்கில் அவருக்குப் போன் வந்தது. மூன்றும் நான்கும் காசைத் துப்புகின்றன என்றார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு போன், ஒன்றும் இரண்டும் அப்படித்தான் என்று. அவர் உன் அறைக் கதவைத் தட்டி, கடைக்குப் போகிறாயா என்று கேட்டார். மத்தியானம் போகிறேன் அப்பா, இப்போதுதான் படுத்தேன் என்று நீ சொன்னாய். அவர் சரி தூங்கு என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அப்படிச் சொன்னதற்கு நான் சாட்சி. சரி, தூங்கு. அன்றைக்கு அவர் உன்னிடம் சொன்ன வார்த்தை அதுதான், அதற்கு மேல் இல்லை.

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். நான்தான் இறுக்கினேன், கோட்டுக்கு நேராகத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும், நானே போய் வருகிறேன் என்று. ஐந்து நிமிட வேலை. எனக்கு அது தோன்றக்கூட இல்லை. ஏனென்றால் தப்பு நடந்திருக்கிறது என்றே நான் நினைக்கவில்லை. புகார் வருகிறது என்றால் திருகு வேலை செய்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். "விடுங்க, கள்ளக் காசு போடுறவங்கதான் சத்தம் போடுவாங்க" என்றேன். அவர் மழைச் சட்டையை மாட்டிக்கொண்டே, "மழையில ஈரத் துணியோட நிக்கிறவங்க எல்லாரும் கள்ளனுங்களா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டார். மோட்டார் போய்விட்டது.

அரை மணி நேரம் கழித்து வீட்டுக்கு அவர் போன் செய்தார். நீ தூக்கம் கலைந்து எழுந்து, குளித்துவிட்டு வெளியே வந்த நேரம். உனக்கு மணி அடித்தது மட்டும்தான் கேட்டது. அவர் என்ன பேசினார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது எழுதுகிறேன். "நீ ஏதாச்சும் திருகினியா?" என்றார். நான் "இல்ல" என்றேன். பின்னால் துவைக்கும் இயந்திரம் ஒன்று ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரி. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். உடைந்த கோடு அவர் கண் முன்னால் இருந்தது. அந்தக் கடையின் சாவி எங்கள் இருவரிடமும்தான் இருந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டுதான் சரி என்றார்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நீ துண்டோடு நிற்கிறாய். "அப்பாவா? என்ன சொன்னாரு?" என்று கேட்டாய். அந்த நேரத்தில் என் மனதில் என்ன இருந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. நான் மாட்டிக்கொண்டேன் என்ற எரிச்சல், பேச்சு என் பக்கம் வராமல் வேறு யார் பக்கமாவது போக வேண்டும் என்ற அவசரம், அவ்வளவுதான். "நீ வரலயான்னு கேட்டாரு" என்றேன். நீ, "சாப்டுட்டுப் போறேன்மா" என்றாய். நான் உனக்குத் தோசை வார்த்தேன். நீ மூன்று தோசை சாப்பிட்டாய். நான்காவது வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். நான்காவதும் சாப்பிட்டாய். அதற்குள் மறுபடி போன் வந்தது, அப்பாவின் எண்ணிலிருந்து. பேசியது காக் அனி.

காக் அனி கடைக்கு எதிரே அடுக்குமாடியில் இருக்கிற மலாய்க்கார அம்மா, வாரம் இரண்டு தடவை துணி கொண்டு வருகிறவர். முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவரைப் பார்க்கப் போனேன். நடந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன், என் சுபாவப்படி நேரத்தையும் சேர்த்துக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அப்பா வந்ததும் நின்றிருந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டாராம். ஒவ்வொரு டிரையராகக் குந்தி உட்கார்ந்து திறந்தாராம். தன் பையிலிருந்து காசு எடுக்காமல், அவர்கள் கையிலிருந்த காசையே வாங்கிப் போட்டுப் பார்த்தாராம், கறுத்துப்போனது, ஓரம் தேய்ந்தது என்று எல்லாவற்றையும். நடுவில் ஒருவன் இயந்திரத்தைக் குத்தப்போனபோது, அடிக்காதே, இயந்திரத்தின் மேல் தப்பில்லை என்று சொன்னாராம். நான்கும் ஓட ஆரம்பித்த பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். காக் அனி புட்டியைத் திறந்து கையில் கொடுக்கும்போது அவர் விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. அவர் யாரையாவது கூப்பிடச் சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். மகனைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். மகன் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து தூங்குகிறான், அதனால்தான் நானே வந்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னாராம், ரொம்பச் சாதாரணமாக. அதைக் கேட்டுக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். என் திருகுதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. மாரடைப்பு முந்தின நாளே ஆரம்பித்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார், இருக்கலாம் என்றுதான் சொன்னார். வீட்டில் படுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, யாரிடமும் இருக்காது. நீ போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அதே பதில்தான். ஆகவே நான் ஒப்புக்கொள்வது அதை அல்ல. நான் ஒப்புக்கொள்வது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இரண்டை மட்டும். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது பொய். உன்னிடம் அடுத்த நிமிடமே சொன்னது இன்னொரு பொய்.

துக்க வீட்டில் நீ பெரியப்பாவின் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "அப்பா என்னைக் கேட்டாரு பெரியப்பா, நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்று சொன்னாய். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பெரியப்பா என்னைப் பார்த்தார், நான் என்ன சொல்வேன் என்று. நான் தரையைப் பார்த்தேன். அப்போது சொல்லியிருந்தால் துக்கத்தில் வாய் தவறிவிட்டது என்று எல்லாரும் மன்னித்திருப்பார்கள். அடுத்த வாரம் சொல்லியிருந்தால் கொஞ்சம் கஷ்டம். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். தள்ளிப்போட்டேன் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அந்த மூன்று வருடம் எப்படி இருந்தது என்று நீ கேட்டால் என்னால் வர்ணிக்க முடியாது. காலையில் எழுந்தேன், கடையைத் திறந்தேன், பஞ்சைத் தட்டினேன், மூடினேன். அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று காத்திருந்தும் பார்த்தேன். அவர் போய் ஒரு மாதம் கழித்து டிரையர்களின் வாயைத் திறந்து பார்த்தபோது நான்கு திருகுகளும் அவர் கோட்டுக்கு நேராக நின்றன. அன்றைக்காவது ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன்.

நீ ஞாயிறு தவறாமல் வர ஆரம்பித்தாய். சனிக்கிழமை இரவு வேலை பார்த்திருந்தாலும் தூங்காமல் வருவாய். அப்பா செய்தது போலவே ரசமட்டம் வைத்துப் பார்க்கிறாய், பிரஷ் போடுகிறாய். பினாங்கில் நல்ல வேலை வந்தபோது ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்று வேண்டாம் என்றாய். உறவில் எல்லாரும் உன்னை மெச்சினார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். தண்டனையை அனுபவிக்கிறாய் என்று எனக்கு மட்டும் தெரியும். வராதே என்று ஒரு வார்த்தை சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சமைத்து வைத்தேன். இப்போது காசுக் கருவிகளையெல்லாம் எடுத்துவிட்டுக் கைப்பேசியில் பணம் கட்டுகிற மாதிரி மாற்றிவிடலாம் என்று நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். நீ சொன்ன வாரமே செய்துவிடு, எனக்கு ஆட்சேபம் இல்லை, பழையதை நான் வைத்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் அம்மாவுக்குச் சிரமம் குறையும் என்று சொல்லிச் செய்கிற நீ, அதற்குப் பிறகும் ஞாயிறு வருவேன் என்கிறாய். அதுதான் யாமினிக்குப் புரியவில்லை. அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போவது உன்னையா, அன்றைய தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பையனையா என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

இந்த ஞாயிறு வராதே. இதைப் படித்துவிட்டு யாமினியிடமும் கொடு. கோபம் வந்தால் வரட்டும், அதை என்னிடம் காட்டுவதா வேண்டாமா என்பதும் உன் இஷ்டம். போனில் கேட்டால் நான் எடுப்பேன், கேட்டதற்குப் பதில் சொல்வேன், சமாதானம் சொல்ல மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று அவசரமாகச் சொல்லிவிடாதே. நீ அப்படிச் சொல்லக்கூடியவன். சொன்னால் நான் நம்ப மாட்டேன், அதற்காக நாம் இருவரும் மறுபடி சங்கடப்படுவோம்.

பாத பூசையை நீ வேண்டாம் என்று முடிவு செய்தால் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்காரட்டும். அவர்கள் நல்லவர்கள், சந்தோஷமாக உட்காருவார்கள். நான் கீழே முதல் வரிசையில் இருப்பேன். ஏன் என்று யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். கணவர் போனவள் மேடையேறக் கூடாது என்று பெரியம்மா சொன்னதை நானே ஒத்துக்கொண்டேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மதித்ததில்லை, ஆனால் மண்டபம் நிறைய இருக்கிற ஜனங்களுக்கு அந்தக் காரணம் போதும். மறுபடி ஒரு பொய்தான். இந்த முறை அது உன் மேல் விழாது. உட்காரத்தான் வேண்டும் என்றால் உட்காருகிறேன், எனக்குத் தகுதி இருக்கிறதா என்று திரும்பக் கேட்டு உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

என்னைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் அதோடு இதைச் சேர்க்காதே. அன்றைக்கு அவர் உன் கதவைத் தட்டினார், நீ களைப்பாக இருக்கிறேன் என்றாய், அவர் சரி தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் நின்றவர்களிடமும் மகன் தூங்குகிறான் என்றுதான் சொன்னார். போனில் உன் பெயரே வரவில்லை. கடையிலிருந்து அவர் உன்னைக் கேட்கவில்லை, தம்பி. நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரும் உனக்காகக் காத்திருக்கவில்லை.

அம்மா